ஆங்கில வினையும் தமிழ் வேற்றுமையும்

ஒரு மொழியைக் கற்கப் புகுவார்க்கு அம்மொழியின் பெருஞ்சொற்கள் தரும் தொல்லையினும் சிறுசொற்கள் தரும் தொல்லையே பெரிது. பெருஞ்சொல்லை அகராதியிற் காணலாம், மனத்திற் பதிக்கலாம், மறந்தவிடத்து அதனை விடுத்து வேறொன்றால் கருத்தை முடிக்கலாம். ‘டு’, ‘ஆன்’, ‘ஆஃப்’, ‘வித்’, ‘அட்’, ‘ஃபார்’ என்னும் ஓரசைச் சிறுசொற்களோ அங்ஙனம் விட்டு விலகத் தக்கன அல்ல. வாக்கியந்தோறும் அவை வந்து நிற்கும். ஒன்று இடம் மாறினும் கேட்போர் முகம் மாறும். பெயர்க்கு முன்னே நிற்றலின் இவற்றை முன்னிடைச்சொல் என்று தமிழில் வழங்குவர். எவ்வினைக்கு எம்முன்னிடைச்சொல் உரியது என்று தெளியாமல் நம் மாணாக்கர் இடர்ப்படுதல் கண்கூடு. அவ்விடர்க்குக் காரணம் யாது, அதனை நீக்கும் வழி யாது என்பன குறித்து என் சிற்றறிவுக்கு எட்டியவற்றை ஈண்டுக் கூற விழைகின்றேன். தமிழ் பயிலும் ஒருவன் ஆங்கில இலக்கணத்திற் புகுதல் எற்றுக்கு என்று வினவுவார்க்குரிய விடை போகப் போக விளங்கும்.

முதற்கண் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுதல் வேண்டும். நான் கல்லூரியிற் சேர்ந்த ஆண்டில், சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் தமிழ் வாயிலாகவே பயின்று வந்த நண்பன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். கணக்கில் வல்லவன், விடுதியில் இரவு நெடுநேரம் விளக்கருகே அமர்ந்து படிப்பவன். ஒரு நாள் ஆங்கில வகுப்பில் எழுந்து, தன் தந்தையார் தன்மேற் சினந்த கதையைச் சொல்லத் தொடங்கியவன், ‘மை ஃபாதர் வாஸ் ஆங்கிரி ஆன் மீ’ என்றான். வகுப்பு நகைத்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் ‘வித்’ என்று உரக்கக் கூறினார், நகைப்பு இரட்டித்தது. அந்நகைப்பில் என் நகைப்பும் ஒன்று. அவன் கதையை முடியாமலே அமர்ந்தான். அதன் பின் அவ்வாண்டு முழுவதும் அவ்வகுப்பில் அவன் வாய் திறந்ததை நான் கண்டிலேன். விடை அறிந்த வினாவிற்கும் அறியான் போலத் தலை கவிழ்ந்திருப்பான். ஓரசைச் சொல் ஒன்று ஓராண்டு மௌனத்தை விளைத்தது.

அடுத்த ஆண்டில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்து வேற்றுமையியலைப் பயின்றுகொண்டிருந்தபோது இந்நிகழ்ச்சி என் நெஞ்சில் மீண்டும் எழுந்தது. ‘என்மேற் சினந்தார்’ என்பது குற்றமற்ற தமிழ். ‘மேல்’ என்பதோ நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு எண்ணிய உருபுகளுள் ஒன்று. நண்பன் அவ்வுருபுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைத் தேடி எடுத்து, அதனை வைக்கவேண்டிய முறைப்படி பெயர்க்கு முன்னேயும் வைத்தான். அவன் இலக்கணம் அறியாது பிழைத்தானல்லன். ஓரிலக்கணத்தை நன்கறிந்து, அதனை அஃது உரித்தல்லாத இடத்திற் செலுத்தினான். நகைத்த எங்களுள் ஒருவரும் இதனை அறிந்திலோம். அன்று நாணவேண்டியவன் அவன் அல்லன் என்று அப்பொழுதே உணர்ந்தேன்.

நிற்க. வேற்றுமையாவது யாது? பெயர்ப்பொருளை வேறுபடுத்தி, அது வினையோடு கொள்ளும் உறவைக் காட்டுவது. எழுவாயும் விளியும் உட்பட வேற்றுமை எட்டு என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. இடைநின்ற ஆறனுள், செயப்படுபொருளை ‘ஐ’ உணர்த்தும். கருவியையும் செய்வோனையும் உடனிகழ்ச்சியையும் ‘ஆல்’, ‘ஓடு’ முதலியன உணர்த்தும். கொடையும் பகையும் நட்பும் முறையும் முதலாயினவற்றைக் ‘கு’ உணர்த்தும். நீங்கலும் ஒப்பும் எல்லையும் ஏதுவும் ‘இன்’ உருபின் பொருள். கிழமை ‘அது’ உருபின் பொருள். இடம் ‘கண்’, ‘இல்’ முதலியவற்றின் பொருள். இவையேயன்றி ‘பற்றி’, ‘பொருட்டு’, ‘உடைய’, ‘இருந்து’ போன்ற சொல்லுருபுகளும் உள. கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், வேற்றுமையை எட்டென வரையறுத்தது வடமொழி மரபைத் தழுவியது என்றும், பெயரின் பின் வந்து ஒட்டும் இத்தகைய ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி வேற்றுமையாகவே கொள்ளலாகும் என்றும் கருதினார். தொகை எத்துணையாயினும் ஆகுக. பெயர்க்கும் வினைக்கும் உறவு காட்டும் சிறுசொற்கள் தமிழில் பின்னே நிற்கின்றன என்பதே நமக்கு வேண்டுவது.

ஆங்கிலத்திலோ அவை முன்னே நிற்கின்றன. ஆயினும் அம்மொழியும் பண்டு வேற்றுமை ஈறுகளை உடையதாயிருந்தது. பழைய ஆங்கிலத்திற் பெயர்கள் எழுவாய்க்கு ஓர் ஈறும், செயப்படுபொருட்கு ஓர் ஈறும், கிழமைக்கு ஓர் ஈறும், கொடைப்பொருட்கு ஓர் ஈறுமாக வேறுபட்டு வழங்கின. அழுத்தம் இழந்த அவ்வீறுகள் ஒலியில் தேய்ந்தன. வடபகுதியிற் குடியேறிய நார்ஸ் மொழியினரோடு கலந்து பேசிய பேச்சில் மேலும் மழுங்கின. 1066ஆம் ஆண்டின் நார்மன் வெற்றிக்குப் பின், மேன்மக்களின் மொழி பிரெஞ்சாயிருந்த நூற்றாண்டுகளில், ஆங்கிலம் கட்டுப்படுத்துவாரின்றி விரைந்து மாறிற்று. ஈறுகள் ஒழிந்தவிடத்து அவற்றின் பணியை முன்னிடைச்சொற்களும் சொற்கிடக்கை முறையும் ஏற்றுக்கொண்டன. ‘ஹீ’, ‘ஹிம்’, ‘ஹிஸ்’ என்னும் வேறுபாடு அப்பழைய வீட்டின் எஞ்சிய தூணாகும். எனவே முன்னிடைச்சொல் நமக்கு முற்றும் புதியதோர் பொருளன்று. நம் வேற்றுமையுருபு செய்யும் தொழிலையே வேறிடத்தில் நின்று செய்வது.

தொழில் ஒன்றாயின் இடர் எங்ஙனம் வந்தது? எவ்வினை எவ்வுறவை அவாவும் என்பதனை ஒவ்வொரு மொழியும் தன் விருப்பிற்கேற்ப வகுத்துக்கொண்டமையின் வந்தது. இதனை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

ஒன்று: தமிழில் ‘ஐ’ உருபு நிற்கும் இடத்தில் ஆங்கிலம் முன்னிடைச்சொல்லை வேண்டுவது. ‘பாட்டைக் கேட்டேன்’ என்கின்றோம். ஆங்கிலத்தில் ‘லிசன்’ என்னும் வினை ‘டு’ இன்றி அமையாது. ‘கதவைத் தட்டினேன்’ என்கின்றோம். ‘நாக்’ என்பது ‘அட்’ அல்லது ‘ஆன்’ வேண்டும். ‘நூலைத் தேடினேன்’ என்கின்றோம். ‘சர்ச்’ என்பதன் பின் ‘ஃபார்’ வேண்டும். ‘ஃபார்’ இன்றி நூலைச் ‘சர்ச்’ செய்தேன் எனின், நூலின் தாள்களைப் புரட்டி வேறெதையோ துருவினேன் என்று பொருள்படும். ‘அவனைச் சார்ந்திருக்கின்றேன்’ என்பதில் நமக்கு ‘ஐ’ போதும்; ‘டிபெண்ட்’ என்பதற்கு ‘ஆன்’ வேண்டும்.

இரண்டு: தமிழில் வேறோர் உருபு நிற்ப, ஆங்கிலம் ஒன்றையும் வேண்டாது விடுவது. ‘பெற்றோர்க்குக் கீழ்ப்படி’ என்று நாம் கூறுதலின் ‘ஒபே’ என்பதன் பின் ‘டு’ சேர்க்கின்றோம், அது மிகை. ‘வினாவிற்கு விடையளி’ என்பதனால் ‘ஆன்சர்’ என்னும் வினையோடு ‘டு’ சேர்க்கின்றோம். ‘அறைக்குள் நுழைந்தான்’ என்பதனால் ‘என்டர்’ என்பதனோடு ‘இன்டு’ சேர்க்கின்றோம். ஆங்கிலத்தில் உடன்படிக்கையிலும் உரையாடலிலும் புகுதற்கே ‘இன்டு’ உரியது, அறையிற் புகுதற்கு அன்று. ‘அதனைப் பற்றி ஆராய்ந்தோம்’ என்பதனால் ‘டிஸ்கஸ்’ என்பதனோடு ‘அபவுட்’ சேர்க்கின்றோம். ‘அவளோடு மணம்’ என்பதனால் ‘மேரி’ என்பதனோடு ‘வித்’ சேர்க்கின்றோம். ‘அவனுக்கு உதவினேன்’ என்பதனால் ‘ஹெல்ப்’ என்பதன் பின்னும் ‘டு’ வந்து ஒட்டிக்கொள்கின்றது.

மூன்று: இரு மொழியும் உருபு வேண்டி, வெவ்வேறு உருபு கொள்வது. ‘கணக்கில் வல்லவன்’ என்பதற்கு ‘இன்’ வைக்கின்றோம். ஆங்கில வழக்கு ‘குட் அட்’. ‘நோயால் இறந்தான்’ என்பதற்குக் கருவிப்பொருளில் ‘பை’ வைக்கத் தோன்றுகின்றது. வழக்கு ‘டைட் ஆஃப்’. ‘அதனினும் உயர்ந்தது’ என்பதற்கு ‘தேன்’ வைக்கின்றோம். இலத்தீனிலிருந்து வந்த ‘சுபீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்பன ‘டு’ என்பதனையே கொள்ளும். என் நண்பனின் ‘ஆங்கிரி ஆன் மீ’யும் இவ்வகையினதே.

இக்கொள்கை மெய்யென்பதற்குச் சான்று ஒன்று உண்டு. இரு மொழியும் ஒத்துச் செல்லும் இடங்களில் நாம் பிழைப்பதில்லை. ‘ஊருக்குப் போனேன்’, ‘ஊரிலிருந்து வந்தேன்’, ‘அவனுக்காகக் காத்திருந்தேன்’ என்பவற்றை ஆங்கிலத்திற் சொல்லுங்கால் ‘டு’, ‘ஃப்ரம்’, ‘ஃபார்’ என்பன தாமே வந்து அமைகின்றன. முதல் வகுப்புச் சிறுவனும் இவற்றிற் பெரிதும் தடுமாறான். ‘ஊரை அடைந்தான்’ என்பதனோடு ‘ரீச்’ ஒத்தலின் ஆண்டும் இடரில்லை; ‘ஊருக்கு வந்து சேர்ந்தான்’ என்று நினைத்து ‘அரைவ்’ என்பதனை எடுத்த அளவில், ‘அட்’ அல்லது ‘இன்’ நிற்கவேண்டிய இடத்தில் ‘டு’ வந்துவிடுகின்றது. ஆகவே பிழை கண்மூடித்தனமாக வருவதன்று. அதற்கொரு வழியும் ஒழுங்கும் உண்டு. ஒழுங்குடைய பிழையை ஒழுங்காகவே நீக்கவும் கூடும்.

பிழை முழுவதற்கும் தமிழே காரணம் என்று சொல்லிவிடல் நடுநிலையாகாது. ஆங்கிலமே தன்னைக் கற்பாரை மயக்குகின்றது. ‘டிஸ்கஷன்’ என்னும் பெயர் ‘அபவுட்’ என்பதனை ஏற்கும். ‘டிஸ்கஸ்’ என்னும் வினை ஏலாது. ‘ரிக்வெஸ்ட்’ பெயராய் நின்றவழி ‘ஃபார்’ கொள்ளும். வினையாய் நின்றவழி கொள்ளாது. ‘கன்சிஸ்ட்’ ‘ஆஃப்’ வேண்டும். அப்பொருளையே தரும் ‘கம்ப்ரைஸ்’ செய்வினையில் அதனை வேண்டாது. ‘லுக்’ என்னும் ஒரு வினை, ‘அட்’ சேர நோக்குதலும், ‘ஃபார்’ சேரத் தேடுதலும், ‘ஆஃப்டர்’ சேரப் பேணுதலும், ‘இன்டு’ சேர ஆராய்தலும் ஆகின்றது. ‘அவர்ஸ்’ என்னும் சொல் வெறுத்து விலகுதலைக் குறித்தலின், இலத்தீன் மூலம் நோக்கி ‘ஃப்ரம்’ என்பதே அதற்கு முறை என்று இலக்கணிகள் சிலர் வாதித்தனர். வழக்கோ அவர்களைக் கேளாது ‘டு’ என்பதனையே நிலைநிறுத்திற்று. ஆங்கிலேயரே தம்முள் மாறுபட்ட இடத்தில் நாம் தடுமாறுதல் இழுக்காகுமோ?

இனி நம் மொழியைத் திரும்பி நோக்குவோம். அச்சம் பற்றிய சொல் ‘இன்’ உருபையும் கொள்ளும், ‘ஐ’ உருபையும் கொள்ளும், பொருள் வேறுபாடில்லை என்று தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் விதி வகுத்தார். பழியின் அஞ்சினான் எனினும் பழியை அஞ்சினான் எனினும் அமையும். சார்தல் என்னும் வினை ‘ஐ’ உருபோடு ‘கண்’ உருபையும் ஒரோவழி ஏற்கும் என்றும் கூறினார். இவ்வினை இவ்வுருபை அவாவும் என்று ஆராய்ந்து எழுதும் நெறி நம் முதல் இலக்கண நூலிலேயே காணப்படுகின்றது. அன்றாடப் பேச்சிலும் எத்துணை நுட்பம் உண்டு! ‘பணத்தை அவனுக்குக் கொடுத்தேன்’ எனின் பணம் அவனுடையதாயிற்று. ‘அவனிடம் கொடுத்தேன்’ எனின் அவன் கையில் இருக்கின்றது, அவ்வளவே. நீதிமன்றத்தில் இவ்விரண்டற்கும் உள்ள தொலைவு பெரிது. இத்துணை நுண்மையைத் தாய்மடியிலேயே கற்று வந்த மாணாக்கன், ஆங்கில உருபைக் கற்கமாட்டாத மந்தன் ஆவானோ? தன்னிடம் உள்ள கருவியை அவன் அறியான். அதனை எடுத்துக்காட்டுவாரும் இலர். தமிழ் வகுப்பில் வேற்றுமையைத் தேர்விற்காக ஒப்புவிக்கின்றோம். ஆங்கில வகுப்பில் முன்னிடைச்சொற் பட்டியலைத் தேர்விற்காக ஒப்புவிக்கின்றோம். இரண்டும் ஒரு பொருளே என்று எவ்வகுப்பிலும் கேட்டிலோம்.

இதற்கு மறுப்புக் கூறுவார் பலர் உளர். ‘ஆங்கிலம் பேசுங்கால் ஆங்கிலத்திலேயே எண்ணுக, தமிழை மறந்துவிடுக’ என்பர் சிலர். அங்ஙனம் எண்ண வல்லவனுக்கு இவ்வறிவுரை வேண்டா; வேண்டுவானுக்கோ இஃது உதவாது. நீந்த அறியாதவனை நோக்கி மீனைப் போல ஆகுக என்பதனோடு இஃது ஒக்கும். ‘ஆங்கிலச் சிறுவர் இலக்கணம் கற்றோ பேசுகின்றனர்? செவிவாயிலாக வருவதே மொழி’ என்பர் வேறு சிலர். செவியே சிறந்த ஆசிரியன் என்பதில் எனக்கும் ஐயமில்லை. நல்ல நூல்களை வாய்விட்டுப் படித்தலினும் மேலான பயிற்சி இல்லை. ஆனால், பிறந்தது முதல் நாள் முழுவதும் ஆங்கிலம் கேட்டு வளர்வானுக்கும், நாளொன்றுக்கு ஒரு மணிப்பொழுது வகுப்பிற் கேட்பானுக்கும் ஒரே வழியைக் காட்டுதல் தகாது. காலம் குறுகியவனுக்குக் கைவிளக்கு வேண்டும்.

‘நம் நாட்டில் வழங்கும் ஆங்கிலம் நம்முடையது, அதனைத் திருத்துதல் அடிமைப்புத்தி’ என்பார் கூற்றிலும் ஓருண்மை உண்டு. எம்மொழியும் புகுந்த நாட்டில் அந்நாட்டு நிறம் கொள்ளும். நண்பரோடு அளவளாவும்போது ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதனால் வானம் இடிந்து விழாது. ஆயினும் தேர்வுத்தாளும், வேலைக்கு எழுதும் விண்ணப்பமும், அயல்நாட்டார் படிக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையும் இவ்வாதத்தைக் கேட்டு இரங்குவன அல்ல. பிழையென்று அறிந்து அதனை வழங்குவானுக்கு உரிமை உண்டு. அறியாது வழங்குவானுக்கு இழப்பே உண்டு. அவ்விழப்பும் நகரத்து ஆங்கிலப் பள்ளியிற் பயின்றாரை அணுகுவதில்லை. சிற்றூரிலிருந்து வந்தாரையே சென்று சேர்கின்றது. ஆதலின் கற்பிக்காது விடுதல் உரிமை வழங்கலாகாது.

பிறர் இவ்விடரை எங்ஙனம் எதிர்ப்பட்டனர் என்பதற்கு ஜப்பான் நாட்டினின்று ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். 1922ஆம் ஆண்டில் ஹெரால்டு பாமர் என்பார் அந்நாட்டிற்குச் சென்று, அடுத்த ஆண்டில் தோக்கியோவில் ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்தற்கென்றே ஒரு நிலையத்தை நிறுவினார். அவ்வழியில் வந்த ஹார்ன்பி என்பார், கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவர் துணையோடு, பிறமொழி மாணாக்கர்க்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அது 1942ஆம் ஆண்டில் தோக்கியோவில் வெளிவந்தது. பின் 1948ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தார் அதனை வெளியிட, உலகெங்கும் பரவிற்று. அதன் தனிச்சிறப்பு யாதெனின், ஒவ்வொரு வினையும் எவ்வகை வாக்கிய அமைப்பை ஏற்கும் என்று காட்டியதே. ஆங்கிலேயர்க்கு இது வேண்டாத செய்தி. அயலார்க்கோ இதுவே உயிர்ச்செய்தி. கற்பார் எங்கே இடறுகின்றனர் என்று அருகிருந்து பார்த்தமையால் அந்நூல் பிறந்தது. நம் மாணாக்கர் இடறும் இடங்களை அருகிருந்து பார்ப்பார் நம் கல்லூரியிலும் உளர். அவர் இரு வேறு துறைகளில் இருக்கின்றனர் என்பதே குறை.

ஆகலின் என் வேண்டுகோள்கள் இவை. முதலாவது, முதலாண்டு மாணாக்கர்க்குச் சில மணிப்பொழுதேனும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் இருந்து வேற்றுமையையும் முன்னிடைச்சொல்லையும் ஒப்பிட்டுக் கற்பித்தல் வேண்டும். இரண்டாவது, மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்து, ஆங்கில வினையைத் தனியே எழுதாமல் அதற்குரிய முன்னிடைச்சொல்லோடும் ஒரு முழு வாக்கியத்தோடும் எழுதி, எதிரே அதன் தமிழ் வாக்கியத்தை எழுதி, உருபின்கீழ்க் கோடிடுதல் வேண்டும். இரண்டும் ஒத்தனவற்றை விட்டுவிடலாம். மாறுபட்டனவே மனத்திற் பதிய வேண்டுவன. அவை எண்ணற்றன அல்ல. நாள்தோறும் வழங்கும் வினைகளை எண்ணினால் ஒரு குறிப்பேட்டில் அடங்கும். மூன்றாவது எளியது, ஆயினும் அரியது: ஒருவன் பிழைபடப் பேசும்போது நகையாதிருத்தல்.

இம்மூன்றாவதற்கு நம் கல்லூரி போன்ற நிலையங்களில் தனித்ததொரு பொருத்தம் உண்டு. 1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயர், சிறுவரோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். அவர் முதல்நாளிலேயே ‘அவனுக்கு’, ‘அவனிடம்’ என்னும் வேறுபாடு பிறழாது பேசியிருப்பார் என்று யாரும் எண்ணார். ஆயினும் பத்தாண்டுகளில், 1716ஆம் ஆண்டில், அவர் இலத்தீன் மொழியில் எழுதிய தமிழிலக்கணம் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரில் அச்சாயிற்று. அவர்பின் வந்த பப்ரிசியுஸ் ஐயரின் தமிழ் ஆங்கில அகராதி 1779ஆம் ஆண்டில் வேப்பேரியில் வெளிவந்தது. அயலார் நாவிற் பிழைத்த நம் உருபுகளைக் கேட்டும் பொறுத்திருந்து திருத்திய தமிழர் பலர் இந்நூல்களுக்குப் பின்னே நிற்கின்றனர். அயலார்க்குக் காட்டிய அப்பொறுமையை நம் அருகிருக்கும் சிற்றூர்ச் சகோதரனுக்குக் காட்டலாகாதோ?

நண்பனைப் பற்றிச் சொல்லி முடிப்பேன். வேற்றுமையியல் படித்த அன்றிரவே அவன் அறைக்குச் சென்று, முன்னாண்டு நகைத்தமைக்கு மன்னிப்பு வேண்டினேன். அவன் அதனை மறந்திருப்பான் என்று எண்ணியிருந்தேன், மறந்திலன். பின் ஒரு குறிப்பேட்டின் முதற்பக்கத்தில், ‘என்மேற் சினந்தார்’ என்று ஒருபுறமும், ‘ஆங்கிரி வித் மீ’ என்று மறுபுறமும் எழுதி, ‘மேல்’, ‘வித்’ என்னும் இரண்டன்கீழும் கோடிட்டோம். அவன் நெடுநேரம் அதனை நோக்கியிருந்து, ‘இவ்வளவுதானா?’ என்றான். அக்குறிப்பேடு இப்பொழுது பாதிக்குமேல் நிரம்பியிருக்கின்றது. அவன் இன்னும் சில இடங்களிற் பிழைக்கின்றான், நானும் பிழைக்கின்றேன். ஆனால் சென்ற திங்களில் ஆங்கில வகுப்பில் ஆசிரியர் வினவியபோது அவன் எழுந்து நின்று, ஒரு முன்னிடைச்சொல்லைப் பிழைத்து, தானே திருத்திக்கொண்டு, தான் சொல்ல வந்ததை இறுதிவரை சொல்லி முடித்தான். அன்று ஒருவரும் நகைத்திலர்.